புங்க மரத்தடி வயிற்று வலி

விளையாட்டு டீச்சர் என்றால் விசில் ஊதிவிட்டுச் சம்பளம் வாங்குகிறவள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. பெண்கள் பள்ளியில் அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், விசில் சத்தத்தைவிட வயிற்று வலியைத்தான் அதிகம் கேட்க வேண்டும் என்று. எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் நான் பட்ட பாடு இது. மாதா மாதம் சுருண்டு படுத்து எழுந்திருக்கும் சகோதரிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

துணைக்கு ஒரு வலி

என் பீரியடில் பாதி வகுப்பு மைதானத்தில் நிற்கும், பாதி புங்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்டால் "அது டீச்சர்" என்பார்கள். எது என்று கேட்டால் "அதான் டீச்சர்" என்பார்கள். சுமதி என்ற பிளஸ் டூ பெண்ணுக்கு மட்டும் ஒரே மாதத்தில் நாலு முறை 'அது' வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. காதைப் பிடித்து எழுப்பினேன்.

அவளுக்குப் பின்னால், மரத்தோடு மரமாக ஒருத்தி மடங்கிக் கிடந்தாள். தமிழ்ச்செல்வி. எங்கள் த்ரோபால் அணியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இப்போது முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சுமதி காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "வலி எனக்கில்ல டீச்சர், இவளுக்கு. மத்த நாள்ல நான் ஏமாத்தனது நெஜந்தான். இன்னிக்கு தொணைக்கு உக்காந்தேன்."

விரதம்

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று செல்வியைக் கேட்டேன். காப்பி. நேற்று ராத்திரி? நேற்று கிருத்திகை, விரதம். அதற்கு முன்? வெள்ளிக்கிழமை, விரதம். செவ்வாய்க்கிழமையும் விட்டுவைக்கவில்லை. பதினேழு வயதுப் பெண், வாரத்தில் பாதி நாள் வெறும் வயிற்றில் காப்பியை ஊற்றிக்கொண்டு பந்து விளையாடியிருக்கிறாள். அந்த மூன்று நாளும் வீட்டில் பின்கட்டில் பாயை விட்டு எழக் கூடாதாம். பரீட்சை வருஷம் என்பதால் பள்ளிக்கு மட்டும் அனுப்புவார்களாம்.

அவள் அப்பா தேரடியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மன்றாடினேன். காலையில் ரெண்டு இட்லியாவது கொடுங்கள், விரதம் எதற்கு இந்த வயதில் என்றேன். அந்த அம்மாள் எனக்குப் பாடம் எடுத்தார்: "கல்யாணம் ஆனா இந்த வலியெல்லாம் தானா சரியாயிடும் டீச்சர். விரதம் இருந்தாத்தான கல்யாணம் ஆவும்?"

தாழ்ப்பாள்

செல்வி காலை முதல் மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. அவள் மட்டுமல்ல, பள்ளியில் யாருமே குடிப்பதில்லை. காரணம், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வெட்கக்கேட்டுக்குத் தாகமே தேவலை என்று விட்டுவிட்டார்கள்.

தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்தேன். அவரும் ஒரு பெண்தான், அதுதான் எனக்கு ஆற்றாமை. கடைசியில் வாட்ச்மேனைப் பிடித்து நானே ஒரு கொக்கி அடிக்க வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை சொன்னது: "இதுக்குப் போயி ஏன் டீச்சர் அலையறீங்க? தண்ணிய கம்மியா குடிக்கச் சொன்னா முடிஞ்சிது."

டாக்டரம்மா

அடுத்த மாதம் செல்வி வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். அம்மாவையும் இழுத்துக்கொண்டு லேடி டாக்டரிடம் போனேன். அவர் நிதானமாக விசாரித்து, சோதித்துப் பார்த்து, பயப்படும்படி நோய் எதுவும் தெரியவில்லை என்றார். காலையில் சாப்பாடு, நாள் முழுக்கத் தண்ணீர், தினமும் நல்ல நடை, வலிக்கும்போது வெந்நீர் ஒத்தடம், தாங்காவிட்டால் மாத்திரை. அப்படியும் குறையாவிட்டால் திரும்பி வர வேண்டும்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. வாசல் வரை வந்தவர் திரும்பிப் போய்க் கேட்டார்: "ஆரணியில இருந்து தை மாசம் பொண்ணு பாக்க வராங்க. அதுக்கு ஒண்ணும் தடை இல்லயே டாக்டரம்மா?"

அன்றுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. பரீட்சைக்கு முன்பே முகூர்த்தம் வைத்துவிடுவார்களாம். செல்விக்குப் படிப்பும் போச்சு, பந்தும் போச்சு. ஒரு வயிற்று வலிக்கு இவ்வளவு பெரிய வைத்தியம்!

மலை சுற்றல்

பள்ளிக்கூடத்தில் ஓடு என்றால் "வயசுப் பொண்ணு ஓடலாமா?" என்பார்கள். நட என்றால் "எங்க, எதுக்கு, யாரோட?" என்பார்கள். ஆனால் மலை சுற்றப் போகிறேன் என்றால் இந்த ஊரில் எந்த அம்மாவும் வாயைத் திறக்க முடியாது. இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

வலி இல்லாத நாட்களில் விடிந்ததும் மலை சுற்றும் பேரில் செல்வியும் சுமதியும் நானும் செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி நடந்து திரும்புவோம். எனக்கு மூச்சு வாங்கும். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார்கள். டாக்டர் சொல்லிவிட்டதால் விரதம் ராத்திரிக்கு மாறியது. காலையில் வீட்டிலேயே இட்லி கிடைத்தது. கொக்கி இருந்ததால் தண்ணீரும் இறங்கியது. தை பிறப்பதற்குள் வலி அடியோடு போகவில்லை என்றாலும், மரத்தடியில் மடங்கிக் கிடப்பது நின்றது. அவள் அம்மா பூரித்துப்போய் எனக்கும் ஒரு விபூதிப் பொட்டலம் கொடுத்தார்: "நல்ல எடமா அமையணும்னு கொழந்த மலையச் சுத்துது. அண்ணாமலையாரு கண்ணத் தொறந்துட்டாரு டீச்சர்!"

பெண் பார்த்த கதை

பெண் பார்க்கும் நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆரணிக்காரர்கள் கேசரி, பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நடந்தது கடைசியில் இதற்குத்தானா என்று இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா தாராள மனசோடு, "பொண்ணு எதுனா பேசணும்னா பேசட்டும்" என்றார்.

செல்வி நிமிர்ந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். "கல்யாணம் ஆனா வயித்து வலி போயிடும்னுதான இந்த ஏற்பாடு? எனக்குத்தான் வலி கம்மியாயிடுச்சேப்பா. இப்ப கல்யாணம் எதுக்கு? நான் பரீட்ச எழுதறேன்."

ஆரணிக்காரர்கள் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா பஜ்ஜித் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பிறகு, "இனிமே எவன் வருவான், எழுதித் தொல" என்றார். அவள் எழுதினாள்.

கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெற்ற பிறகும் மாதா மாதம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டுதான் நான் விசில் ஊதுகிறேன் என்பதை, அந்த வீட்டில் அத்தனை பேரில் ஒருவராவது என்னைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.