சேரின் போர்ட்டுக்கு முதல் வரிசை

நான் செய்த பிழை மொத்தம் பதினைந்து வரிதான். அலுவலகக் கணினிகளையும் போன்களையும் வெளி லைனோடு இணைக்கும் நெட்வேர்க் சுவிட்ச்சின் கட்டளைக் கோப்பான கொன்பிக்கில் எழுதிய பதினைந்து வரி. நெரிசல் வந்தால் எதை முதலில் அனுப்புவது, எதை நிறுத்தி வைப்பது என்று சுவிட்ச்சுக்குச் சொல்வதைத் தொழிலில் கியூஓஎஸ் என்போம். அதற்கான கட்டளைகளைப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமார் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நான் எழுதுவது புத்தகத்தில் கிடையாது. எழுதக் கை கூசுகிறது.

1. பட்டியல்

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கல்முனையில் திறக்கப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. யுத்தம் முடிந்த வருடம். வாப்பா பாலமுனையில் கரைவலை இழுக்கிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என் அலுவலக அடையாள அட்டையை உம்மா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவா. அப்படி வந்தவனுக்கு, மேலதிகாரிகளைக் கூப்பிடுகிற 'சேர்' என்ற சொல்லைக் கேட்டாலே முதுகு நேராகிவிடும்.

ஒருநாள் பணிப்பாளர் சேர் கூப்பிட்டார்.

"தம்பி, கொழும்பு மீட்டிங்ல என்ட மூஞ்சி அப்படியே உறைஞ்சி போய் நிக்கிதாம். அதுவும் வாயத் தொறந்தபடி. அங்க எல்லாரும் சிரிக்கானுகள். நீ என்னத்தப் படிச்சிட்டு வந்த?"

"சரியாக்கித் தாறன் சேர்."

"என்னமும் செய். வார வியாழன் பெரிய மீட்டிங்."

முறைப்படி நான் முதலில் பார்த்திருக்க வேண்டியது, லைனில் என்னென்ன போகிறது என்பதை. பேச்சு எவ்வளவு, படம் எவ்வளவு, ஃபைல் எவ்வளவு என்று அளந்து வகுப்புப் பிரிக்க வேண்டும். பேச்சுக்குத்தான் முதலிடம். ஈமெயில் அரை நிமிடம் பிந்தினாலும் ஒன்றும் ஆகாது. பேச்சு அரை விநாடி பிந்தினால் அது பேச்சே இல்லை.

நான் அளக்கவில்லை. கொப்பியை எடுத்து ஆட்களின் பெயரை எழுதினேன். முதலில் பணிப்பாளர் சேர், அடுத்தது எஞ்சினியர் சேர், பிறகு கணக்காளர், பிறகு மற்றவர்கள். எங்கள் ஊர்க் கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டைச் சகன் என்போம். முதல் சகன் எந்தப் பாயில் இருப்பவர்களுக்குப் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பரிமாறுகிற பொடியனுக்குத் தெரியும், பள்ளிவாசல் நிர்வாகம் இருக்கிற பாய்க்கு என்று. அந்தப் பழக்கத்தோடேயே சுவிட்ச்சிலும் கை வைத்தேன்.

சேரின் கணினி வயரைச் செருகியிருந்த இரண்டாம் போர்ட்டிலிருந்து எது வந்தாலும் முதல் வரிசை. அந்த வரிசை காலியாகும்வரை மற்ற வரிசைகள் காத்திருக்க வேண்டும். அதற்கு ஓர் உச்ச அளவு வைத்துக் கட்ட வேண்டும் என்று படித்திருந்தேன். சேருக்கு அளவு போடுவதா என்று விட்டுவிட்டேன்.

பட்டியலில் கடைசியாக எழுதியது கடைசி அறை.

2. கடைசி அறை

அந்த அறையில், இன்டர்நெட் லைன் வழியாகப் பேசுகிற இரண்டு ஐபி போன்கள் இருந்தன. யுத்தத்தில் இடம்பெயர்ந்து வவுனியாப் பக்கத்து முகாம்களில் இருந்தவர்களை, அங்குள்ள இன்னொரு நிறுவனம் முறை வைத்துக் கதைக்க விடும். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம். கடிதமோ செய்தியோ உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. இங்கே உறவினர்கள் வந்து காத்திருப்பார்கள். நஸீறா தாத்தா அந்த அறைக்குப் பொறுப்பு. எங்களில் தாத்தா என்றால் அக்கா.

அந்த வியாழன் காலை பாண்டிருப்பிலிருந்து பூமணி அம்மா வந்திருந்தார். மகள் சுமதி கிளிநொச்சிப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவள். ஐந்து வருடமாகக் கதை இல்லை. முகாமில் இருக்கிறாள் என்று பெயர்ப் பட்டியலில் கண்டுபிடித்தாயிற்று. வெளியில் சொந்தக்காரரின் விலாசம் கொடுத்தால் அனுப்பி வைக்கப் பெயர் பதியலாம் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். சுமதிக்குத் தெரிந்த வீடு கடலோடு போயிற்று. அரசாங்கம் கொடுத்த புது வீட்டின் இலக்கமும் ஒழுங்கைப் பெயரும் அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் பூமணி அம்மா வந்திருந்தார். விலாசத்தை மனப்பாடம் செய்து, வாங்குப் பலகையில் இருந்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு நான் சேரின் அறை வாசலில் நின்றேன். உள்ளே மீட்டிங். சேர் கதைத்துக்கொண்டே புது வீடுகளின் படங்கள் அடங்கிய பெரிய ஃபைல் ஒன்றையும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் முகம் அசைந்தது. எனக்குச் சந்தோசம்.

"தம்பி! ஓடி வாங்க!" நஸீறா தாத்தாவின் குரல்.

நான் போகும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுமதியின் குரல் பக்கத்தில் நின்று கதைப்பது போலத் தெளிவாக வந்தது.

"ஹலோ? அம்மா? ஆரு கதைக்கிற?"

"நான்தான் மகள்! அம்மா! பழைய வீடு இல்ல புள்ள, கடல் கொண்டு போயிற்று. புது வீட்டு நம்பர எழுது. எழுபத்தி நாலு..."

"ஹலோ? ஒண்டும் கேக்குதில்ல. கொர்ர் எண்டு இரையுது. அம்மா, இரிக்கிறீங்களா?"

"இரிக்கன் மகள், இரிக்கன்! எழுபத்தி நாலு!"

"மிஸ்," என்று அங்கே யாரிடமோ சுமதி சொல்வது கேட்டது. "அங்கால ஆரும் இல்ல போல."

தொடர்பு அறுந்தது, அன்றைய முறையும் போயிற்று. பூமணி அம்மா இன்னும் இரண்டு தரம் எழுபத்தி நாலு என்றார்.

நஸீறா தாத்தா என்னைப் பார்த்தார். நான் போனைத் திருப்பி வயரைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன். "அங்கால பக்கம்தான் கேக்கல்ல அம்மா. இஞ்ச எல்லாம் சரி," என்றேன். சுவிட்ச்சைப் பார்க்காமலே சொன்னேன்.

"கேக்கல்லயா?" பூமணி அம்மாவின் கை காதுக்குப் போயிற்று. "ஷெல் சத்தத்தில புள்ளைக்குக் காது போயிற்றா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் சேர் வராந்தாவில் வந்தார்.

"தம்பி! இண்டைக்கி மூஞ்சி அசைஞ்சிதாம்டா!" எல்லோருக்கும் முன்னால் தோளில் தட்டினார். நான் சிரித்தேன்.

3. கவுன்டர்

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சுவிட்ச்சின் கவுன்டர்களைப் பார்த்தேன். வெளியே போகும் லைன் இருபத்திநான்காம் போர்ட்டில். கடைசி வரிசையில் இடமில்லாமல் கொட்டப்பட்ட பாக்கெட்டுகளின், அதாவது பேச்சையும் ஃபைலையும் சுமக்கிற துண்டுகளின், எண்ணிக்கை திரையில் நீளமாக நின்றது. எல்லாம் பத்து மணிக்குப் பிறகு கூடியவை.

ஐபி போன் தானே ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'இது பேச்சு' என்று முத்திரை குத்தித்தான் அனுப்பும். கடைசி அறைப் போர்ட்டுகளில் வரும் முத்திரையை நம்பு என்று நான் சுவிட்ச்சுக்குச் சொல்லவில்லை. அதனால் அது முத்திரையைத் துடைத்துவிட்டது. உள்ளே வருகிற பேச்சுக்கு ஒரு தடையும் இல்லை, வெளியே போகிற பேச்சு மட்டும் சேரின் படத்துக்கும் ஃபைலுக்கும் பின்னால் நின்று செத்தது. மகளின் குரல் வந்ததும் தாயின் குரல் போகாததும் அதனால்தான்.

சுனாமி முகாமில், பள்ளிக்கூட முற்றத்தில், நானும் உம்மாவும் கோப்பையோடு வரிசையில் நின்றிருக்கிறோம். முன்னால் யாரோ பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வரும்போது சோறு முடிந்திருந்தது. அந்தப் பட்டியலை எழுதியவனை நான் வருடக்கணக்காக மனதுக்குள் ஏசியிருக்கிறேன்.

அன்றைக்கே கொன்பிக்கைத் திருத்தினேன். பேச்சு எந்த அறையிலிருந்து வந்தாலும் முதல் வரிசை, அதற்கும் ஓர் அளவு. வீடியோ இரண்டாவது. ஃபைல் எல்லாம் கடைசி, சேருடையதும்தான். திருத்தியதை யாருக்கும் சொல்லவில்லை.

4. காது மெசின்

அடுத்த முறை எப்போது என்று கேட்க பூமணி அம்மா இரண்டு நாளைக்கு ஒருதரம் வந்தார். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, காதுக்குள்ள வைக்கிற மெசின் ஒண்டு கொழும்பில இரிக்காமே. நீங்க படிச்ச புள்ள, பாத்துச் சொல்லுங்க."

நான் இன்டர்நெட்டில் தேடினேன். காதுக்குப் பின்னால் மாட்டுவது எது, உள்ளே வைப்பது எது, பற்றரி எத்தனை நாளைக்கு வரும் என்று ஒரு தாளில் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். காது நன்றாகக் கேட்கிற ஒரு பெண்ணுக்கு. இதை எழுதும்போதுதான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

பத்தொன்பதாம் நாள் அவர் மறுபடி வந்தார். பொலித்தீன் பையில் ஐடென்டிக் கார்டோடு அந்தத் தாளையும் மடித்து வைத்திருந்தார்.

"கோயில்ல காதுக்கு நேர்த்தி வைச்சிட்டன் தம்பி. இந்தத் தாள முகாமுக்கு அனுப்ப ஏலுமா? அங்க டொக்டர் பாப்பாரெண்டு..."

"அம்மா, அந்தத் தாள் வேணாம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "தாள் வேணாம். சுமதிக்குக் காதில ஒரு பிழையும் இல்ல. பிழை என்ட. நான் மெசின்ல மாத்தி எழுதினதால ஒங்கட குரல் அங்க போகல்ல."

ஏசுவார் என்று காத்திருந்தேன். பூமணி அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாங்கில் இருந்தார்.

"அப்ப... என்ட புள்ளைக்குக் காது கேக்குமா?"

"கேக்கும் அம்மா. நல்லாக் கேக்கும்."

"நஸீறா! கேட்டியாகா? புள்ளைக்குக் காது கேக்குமாம்!" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இத ஏன் தம்பி அண்டைக்கே சொல்லல்ல?"

நஸீறா தாத்தாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேரே சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் என்ட மூஞ்சியத்தானே சரியாக்கச் சொன்ன? அந்த மனிசிட டெலிபோன நிப்பாட்டச் சொன்னனா?"

சொல்லவில்லை. அந்தப் பட்டியலை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

5. ஐந்து நிமிடம்

அடுத்த வியாழன் சுமதிக்கு முறை கிடைத்தது. காலையிலேயே சேரின் கணினியில் வீடியோவையும் ஃபைலையும் ஓட விட்டு, கடைசி அறைக்குப் போய், வவுனியாவுக்கு போன் எடுத்து ஒன்றிலிருந்து ஐம்பதுவரை எண்ணினேன். ஓர் எண்கூட விடாமல் கேட்டது என்று அங்கே சொன்னார்கள்.

பூமணி அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது நாள் செவிட்டுப் பிள்ளையோடு மனதுக்குள் கதைத்துப் பழகியவர். அறை அதிரக் கத்தினார்.

"சுமதீ! எழுபத்தி நாலு! எழுபத்தி நாலு!"

"அம்மா, ஏன் கத்துறீங்க?" என்றாள் சுமதி. "நல்லாக் கேக்குது."

சில மாதங்களில் சுமதி வந்து சேர்ந்ததாக நஸீறா தாத்தா சொன்னார். வீட்டுக்கு வரச் சொன்னார்களாம். நான் போகவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு காரியம் சொல்வேன். கியூஓஎஸ் எழுதினால் பெரியவரின் அறையில் நின்று சரி பார்க்காதீர்கள். கட்டடத்தின் கடைசிப் போனை எடுத்துக் கதைத்துப் பாருங்கள். பிழை உங்களுடையது என்று தெரிந்தால் அந்த நிமிடமே போய்ச் சொல்லுங்கள். என் வெட்கத்தை நான் என் சொந்தப் பொருள் என்று நினைத்துப் பூட்டி வைத்திருந்தேன். அதற்குள் ஒரு தாய்க்குச் சேர வேண்டிய செய்தி பத்தொன்பது நாள் கிடந்தது.