மஞ்சள் பூசிய தூண்டில் இரை

தூண்டிலுக்கு வாங்கிய மீனை நான் கறிக்குத் துப்பரவாக்கிவிட்டேன். அதில் என் பிழை எதுவும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். பிரிட்ஜில் மீன் இருந்தால் அது சட்டிக்குத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் வேறென்ன நினைப்பாள்?

தொண்ணூறுகளின் தொடக்கம். புலம்பெயர்ந்து வந்து மோர்டன் என்ற ஊரில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தோம். எங்கள் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்திருந்தது. நாங்கள் சொன்னது நம்பும்படியாக இல்லையாம். அப்பீல் போட்டுவிட்டுக் காத்திருந்த அந்த மாதங்களில் என் கணவர் பேயறைந்தவர் போல இருந்தார். பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் பழைய தூண்டில் ஒன்றைக் கொடுத்த பிறகுதான் மனுஷனுக்கு உயிர் வந்தது.

தபால் கந்தோரில் தூண்டில் லைசென்ஸ் எடுத்தார். குளத்துக்கு அனுமதிச் சீட்டு எடுத்தார். விதிகளைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் பாடமாக்கினார்.

"ஒரு பிழையும் விடேலாது. அப்பீல் கிடக்கு" என்று என்னிடமும் ஒப்புவிப்பார்.

அவர் ஆசைப்பட்டது பைக் என்ற பெரிய பல்லுக்கார மீனுக்கு. சின்ன மீன்தான் அதற்கு இரை. ஆனால் வேறு ஆற்றிலோ குளத்திலோ பிடித்த மீனை அங்கே கொண்டுபோகக் கூடாது, நோய் தொற்றிவிடும். செத்த கடல் மீன் என்றால் பரவாயில்லை. ஆகவே மீன்கடையில் ஸ்ப்ராட் என்ற சின்னக் கடல் மீன் வாங்கி வந்தார். எங்கள் ஊர்ச் சூடை மீனுக்குத் தங்கை மாதிரி இருக்கும்.

அதைத்தான் சனிக்கிழமை நான் தலையைக் கிள்ளி, தலையோடு குடலை இழுத்து, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பெட்டியில் போட்டு வைத்தேன். மறுநாள் காலை அவர் பெட்டியைத் திறந்து பாராமலே தூக்கிக்கொண்டு புறப்பட்டார். தேநீரும் மீன் ரோல்ஸும் கட்டிக்கொண்டு நானும் போனேன். குளக்கரையில்தான் பெட்டி திறந்தது.

"நீர் என்ன செய்தனீர்?"

"மீனைத் துப்பரவாக்கினனான்."

"தூண்டில்ல கொழுவுற மீனுக்கு ஆராவது மஞ்சள் போடுவினமே?"

"கறிக்கில்லையெண்டு சொல்லியிருக்கலாமே."

முறைத்துக்கொண்டே ஒன்றைக் கொழுவி எறிந்தார். அடுத்த நிமிடம் குளத்துக் காவலர் வந்து நின்றார். பச்சை ஜாக்கெட் போட்ட வயதான வெள்ளைக்காரர். லைசென்ஸ் சரி, சீட்டு சரி. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இது என்ன மீன் என்றார். கடல் மீன் என்றார் என் கணவர். ஆற்றிலும் இந்த அளவு மீன்கள் உண்டு, தலையும் இல்லாமல் நிறமும் மாறிக் கிடப்பதை எப்படி நம்புவது என்று கேட்டுக் காவலர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

என் கணவரின் முகம் கடிதம் வந்த அன்றைக்கு இருந்த முகமாகிவிட்டது. ஏற்கெனவே காட்டிய லைசென்ஸைத் திரும்பவும் எடுத்து நீட்டினார். எனக்கு வந்தது கோபம். ஊரை விட்டு வந்த காரணத்தைத்தான் நம்பவில்லை, மீனையுமா?

ஒரு மீனை எடுத்துக் காவலரிடம் நீட்டினேன். வாலிலிருந்து தலை இருந்த பக்கமாக வயிற்றில் விரலால் தடவச் சொன்னேன். ஸ்ப்ராட்டின் வயிற்றோரம் வாள் பல் மாதிரி அறுக்கும். துப்பரவாக்கும்போது அது கீறிய என் விரலையும் காட்டினேன். அவர் தடவினார். திரும்பவும் தடவினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஆற்று மீனுக்கு இந்த வாள் கிடையாது, இது ஸ்ப்ராட்தான் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

மஞ்சள் எதற்கு என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு வரும் எந்த மீனுக்கும் இதுதான் முறை என்றேன். அவருக்கு ஒரு ரோல்ஸ் கொடுத்தேன். உறைப்பில் கண் கலங்க அவர் மென்றுகொண்டிருந்தபோதுதான் மிதவை தண்ணீருக்குள் தாண்டது. மஞ்சள் பூசிய மீனை ஒரு பைக் விழுங்கியிருந்தது. காவலர் வலை பிடிக்க, என் கணவர் கத்திக் கூப்பாடு போட்டுக் கரையேற்றினார். விதிப்படி உடனே தண்ணீரில் விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கறிக்கு ஆகியிருக்கும் என்று எனக்கு வயிறெரிந்தது. ஆனாலும் அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்னார்:

"அப்பீல் விசாரணையண்டைக்கு ஒரு மீனும் கொண்டு போவம்."

"தலையோடயோ, தலையில்லாமலோ?"

கொஞ்சம் யோசித்தார்.

"தலையில்லாமல். அப்பதான் சந்தேகப்பட்டுத் தடவிப் பாப்பினம்."