அந்தத் திருகாணியைத் திருப்பியது நான்

சபாக்கில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மனைவி அழைத்தாள். சூசை அண்ணன் காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை என்றாள். பாதி ஏற்றிய லோரியை அப்படியே விட்டுவிட்டு, யாருடைய மோட்டார்சைக்கிளையோ இரவல் வாங்கிக்கொண்டு அசாம் ஜாவாவுக்கு ஓடி வந்தேன்.

சாவு வீட்டில் லோரி முதலாளிகளான உங்களில் பலர் இருந்தீர்கள். "நல்ல போமென்தான். என்ன செய்றது, கடைசியில அந்த ஒரு லோரியில கோட்டை விட்டுட்டாரு" என்று ஒருவர் சொன்னார். லோரி பழுதுபார்க்கும் போமென்களில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் சொன்னவரும் அவர்தான். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த லோரி என்னுடையது. அண்ணன் கோட்டை விடவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய லோரிகள் புகையைக் குறைத்து, பட்டறையின் உறுதிக் கடிதத்தோடு வந்தால்தான் நகரத்துக்குள் விடுவோம் என்று விதி வந்தபோது நாம் எல்லாரும் கத்தினோம். சூசை அண்ணன் மட்டும் கத்தவில்லை. புக்கிட் பெலிம்பிங் பள்ளி வாசலில் பிள்ளைகள் நம் லோரிகளைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வெட்கமாகிவிட்டதாம். "லோரி பழசா இருந்துட்டுப் போவுது லா. பொகை எதுக்குக் கறுப்பா இருக்கணும்?" என்பார்.

என் லோரியின் அடியில் மூன்று நாள் படுத்துக் கிடந்தார். டீசல் தெளிக்கும் முனைகளை மாற்றினார். புகைக்குழாயில் வடிகட்டிப் பெட்டி வைத்தார். முடிந்ததும் தானே ஏறி உட்கார்ந்து, என்னைக் குழாய்க்கு நேராக நிற்கச் சொன்னார். எல்லா முதலாளிக்கும் அவர் வைக்கும் பரீட்சை அது. சளி பிடித்திருக்கிறது என்று நழுவப் பார்த்தேன். "முன்னால உக்காந்து ஓட்டுறவனுக்குப் பொகை தெரியாது. போய் பின்னால நில்லு" என்றார். நின்றேன். அவர் மிதித்த மிதிக்கு எஞ்சின் அலறியது, எனக்கு ஒரு இருமல்கூட வரவில்லை.

டீசல் பம்பில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதைத் திருகினால் எண்ணெய் கூடும், இழுவையும் கூடும், புகையும் கூடும். அண்ணன் அதைச் சரியான இடத்தில் நிறுத்தி, யாரும் தொடாமலிருக்க அண்ணியின் சிவப்பு நகப்பூச்சை அதன்மேல் பூசுவார். கடிதத்தில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகுதான்.

எனக்கு இழுவை போதவில்லை. உண்மையில் என் ரோஷம்தான் பொறுக்கவில்லை. முழுப் பாரத்தோடு கோல சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. மறுநாளே பூச்சைச் சுரண்டி அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, என் மனைவியின் நகப்பூச்சை எடுத்து மேலே பூசினேன். அது கொஞ்சம் ரோஜா நிறம். ஆம்பளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகிறது என்று நினைத்தேன்.

நகர எல்லையில் நிறுத்தினார்கள். லோரி கரும்புகை கக்கியது. அதிகாரி என் எதிரிலேயே கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனை அழைத்து, வண்டிக்காரர் ஏதாவது மாற்றியிருப்பாரா என்று கேட்டார். ஆமாம் என்றால் என் லோரி நகரத்துக்குள் இனி எப்போதும் போக முடியாது.  அண்ணன் மலாயில், தவறு தன் பட்டறையுடையது என்றார். அதிகாரியின் பக்கத்தில் நின்ற நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு அவர் கடிதங்கள் செல்லாமல் போயின. நீங்கள் லோரிகளை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனீர்கள். கடைசி இரண்டு வருடம் அவர் புல் வெட்டும் இயந்திரங்களைத்தான் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். பிடிபட்ட பிறகு என் லோரியை அவரிடம் திரும்பக் கொண்டுபோன அன்று அந்தத் திருகாணியை வெகு நேரம் பார்த்தார். சரியான இடத்துக்குத் திருப்பினார், தன் சிவப்புப் பூச்சைப் பூசினார். "காப்பி குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். பாவி நான், குடித்தேன்.

எட்டாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு லூர்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அண்ணி அழவில்லை.

"அவருக்குத் தெரியும் தம்பி. அவனே ஒரு நாளு வந்து சொல்லுவான், வந்தா நீ ஒன்னும் திட்டிறாதேன்னு என்கிட்ட சொல்லி வச்சிருந்தாரு."

விதியைப் பார்க்கும் அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். என் லோரியை என்ன செய்கிறார்களோ செய்யட்டும். இனி யாராவது சூசை போமெனின் வேலையைக் குறை சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது நான் கேட்காமலேயே அவர் கொடுத்து வைத்திருந்த மன்னிப்பு. அதைக் கேட்டு வாங்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது. என் வீட்டிலிருந்து அவர் பட்டறைக்குப் பத்து நிமிடம்தான்.