முப்பது கிலோ பெட்டி

ஒரு சட்டை எடுக்கவே அரைநாள் யோசிக்கிற ஜியாவுதீன், 2006-ல் பெங்களூர் கம்பெனியொன்றில் புராடக்ட் மேனேஜர் இன்டர்வியூவுக்குத் தயாரானான். சாஃப்ட்வேரில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்கிற வேலை! லீவு போட்டு சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தான்.

"பத்துப் பேர் பத்து வசதி கேட்கிறார்கள். மூன்றுக்குத்தான் நேரம். எதை விடுவீர்கள்?" என்றது மாதிரிக் கேள்வி. கட்டம் போட்டு மார்க் போட்டான். பாழாய்ப்போன பத்தும் சமமாகவே வந்தது.

வீடு வேறு சந்தைக்கடையாக இருந்தது. மறுநாள் துபாய் கிளம்பும் மச்சான் அஸ்லாமிடம் கொடுத்தனுப்ப, தெருவே பொட்டலங்களோடு வந்து போயிருந்தது. பெட்டியில் முப்பது கிலோதான் போகும். மனைவி ஃபைஸா ஸ்பிரிங் தராசில் பெட்டியை மாட்டிவிட்டு, ஒவ்வொன்றாக வெளியே வீசினாள்.

"ஊறுகா அங்கயே கிடைக்கும். முறுக்கு நொறுங்கிரும். மருந்து உள்ளயே இருக்கட்டும்."

ஐந்தே நிமிஷத்தில் முள் முப்பதில் நின்றது. ஜியா நோட்டோடு ஓடினான்.

"எப்படி முடிவு பண்ணுன?"

"எது இல்லாட்டி முடியாதோ, அதுதாங்க போகும்."

அப்படியே எழுதிக்கொண்டவன், கழித்த குவியலில் தன் பயோடேட்டாக் கட்டைப் பார்த்தான். இன்டர்வியூ ஊத்திக்கிட்டா துபாயில் கொடுக்கச் சொல்லி அஸ்லாமிடம் தந்தது.

"இதையுமா?"

"நீங்க இல்லாட்டி துபாய்க்கு ஒண்ணும் ஆயிடாது," என்றாள் பெட்டியைப் பூட்டியபடி. "எனக்குத்தான் முடியாது."