நடுக்கோடு

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணினார் ஜெயகுமார். நான்கு. இடது கண்ணைப் பொத்தினார். அப்போதும் நான்கு. ட்ரம்பெட்டுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த இசைக்குறிப்புப் பக்கம் மடிக்கணினியில் இருந்தது. ஐந்து கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில், பக்கம் முழுவதும், நான்குதான் இருந்தன. நடுக்கோட்டைக் காணவில்லை. அதன் மேல் எழுதிய சுரங்கள் அந்தரத்தில் நின்றன.

மறுபடி மேலிருந்து எண்ணினார்.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பத்தொன்பது வருடமாக மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிறார். பாண்ட் குழுவுக்கு வேண்டியதையெல்லாம் எழுதுவதும் அவர்தான். சீனி வியாதி வந்து எட்டு வருடம். அப்பாவுக்கும் அதில்தான் கண் போனது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த மனிதர், கடைசி ஆறு வருடம் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, செருப்புச் சத்தத்தை வைத்து ஆளைச் சொன்னார்.

போன வருடம் பதுளையில் கண் கிளினிக்கில் ஓர் அட்டை கொடுத்தார்கள். முழுக்கக் கட்டங்கள், நடுவில் கரும்புள்ளி. தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்க்கவேண்டும். கோடு நெளிந்தாலோ மறைந்தாலோ உடனே வரவேண்டும். ஜெயகுமார் ஒருநாளும் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஐந்து கோட்டைப் பார்க்கிறவனுக்கு அந்த அட்டை எதற்கு என்று மனைவி இராக்கம்மாவிடம் சொல்லியிருந்தார்.

இப்போது அவளைத்தான் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காரணம் சொல்லாமல் கோடுகளை எண்ணச் சொன்னார்.

“வாத்தியாருக்கு எண்ணுறது மறந்துபோச்சா?” ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். “நாலு.”

“நல்லாப் பாரு.”

“நாலுதாங்க. பிள்ளைக்காம்பராவுல தெனமும் வேலைக்குப் போற தாய்மாருகிட்ட இருவது புள்ளைய எண்ணி வாங்கி எண்ணிக் குடுக்கிறேன். இது தெரியாதா?”

பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். ஐந்து. பழையபடி சிறிதாக்கினார். நான்கு. இன்னும் சிறிதாக்கினார். ஐந்து. அந்த ஓர் அளவில் மட்டும் திரை நடுக்கோட்டை விழுங்கியது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. சிரித்தார், கண்ணில் நீர் வந்தது. பயந்துபோனதை அப்போதுதான் சொன்னார்.

இராக்கம்மா சிரிக்கவில்லை. அலுமாரியிலிருந்து அட்டையை எடுத்துவந்தாள்.

“கம்ப்யூட்டரப் பாத்தாச்சு. இப்ப உங்க கண்ணப் பாருங்க.”

இடது கண்ணுக்குக் கட்டங்கள் நேராக இருந்தன. விளையாட்டாகக் கையை மாற்றினார். வலது கண்ணுக்குப் புள்ளியின் கீழே கோடுகள் வளைந்து இறங்கின. நகத்தளவு இடத்தில் ஒன்றுமே இல்லை.

அட்டையில் கறை இருக்கிறதா என்று கேட்டார். அவள் வாங்கிப் பார்த்து, இல்லை என்றாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கறையென்றால் மேலே போயிருக்கவேண்டும். கீழேயே இருந்தது.

“எப்பருந்துங்க இப்பிடி?”

“தெரியல.”

மறுநாள் இருவரும் லீவு போட்டார்கள். ஆறு மணிக்கு முந்திய பஸ்ஸில் போய், பண்டாரவளையில் மாறிப் பதுளைக்குப் போனார்கள். கிளினிக்கில் அறுபத்து மூன்றாம் இலக்கம். பத்தரைக்குக் கண்ணில் மருந்து விட்டார்கள். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். அடுத்த வியாழக்கிழமை லேசர். கொப்பியில் திகதி எழுதித் தந்தார்கள். மருந்தின் மங்கல் தெளியாததால் திரும்பும்போது பஸ்ஸின் பெயர்ப்பலகையை இராக்கம்மா வாசித்தாள். பின்னேரம் மழை பெய்தது. ட்ரம்பெட் பகுதியில் பன்னிரண்டு தாள அடைப்பு பாக்கி இருந்தது, அன்று எழுதவில்லை.