வராத யானையும் என் வலது முழங்காலும்

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் இருபத்தொரு கிலோமீற்றர் ஓடி முடித்தேன். நேரம் இரண்டு மணி 51 நிமிடம். வயது 61. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிக் கீழே கருத்தில் வந்து யாரும் கேட்க வேண்டாம்.

நாற்பத்தொன்பது வயதில், நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், என்று வைத்தியர் சொன்ன பிறகு ஓடத் தொடங்கியவள் நான். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் குனிந்திருந்த முதுகு, ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்தது. சும்மா சொல்லவில்லை, என் சட்டைகளின் அளவே மாறியது. ஆனால் இந்த முறை பதினேழாவது கிலோமீற்றரில் வலது முழங்கால் குத்தத் தொடங்கி, கடைசி நான்கையும் நடையும் ஓட்டமுமாக இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று பின்னேரம் முழங்கால் வீங்கியிருந்தது. அளந்தேன், நாற்பதரை சென்ரிமீற்றர். வழமையாக முப்பத்தெட்டு.

கொழும்பில் என் முழங்காலைப் பார்க்கிற பிசியோ தர்ஷினி தொலைபேசியில் கறாராகச் சொன்னாள். "நாலு நாள் ஓய்வு, அன்ரி. வெள்ளிக்கிழமை அஞ்சு கிலோமீற்றர் மெதுவா ஓடிப் பாருங்கோ. சனிக்கிழமை விடிய வீங்கியிருந்தா, இனி நடை மட்டும்தான். என்னோட சண்டை பிடிக்கக் கூடாது." மூன்று தடவை இதே முழங்காலுக்காக அவளிடம் போயிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஓடாத என்னை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

அதனால் கொழும்புக்கு நேரே போகாமல், என் பழைய சின்னக் காரில் வன்னியைச் சுற்றிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தேன். தனியாகத்தான். முழங்கால் கதையை விசாரிக்க ஆள் இல்லாத ஐந்து நாட்கள் வேண்டும் போலிருந்தது.

செவ்வாய் காலை 6.30க்கு யாழ் நகரிலிருந்து கிளம்பி, 7.45க்கு ஆனையிறவு. என் காரின் மீற்றரில் 52 கிலோமீற்றர். இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று காரையே தள்ளுகிறது. நீண்ட நேரம் இருந்துவிட்டு இறங்கினால் கால் மடங்க மறுத்தது. வீதியோரம் உப்புப் பை விற்றுக்கொண்டிருந்த பெண் நான் நொண்டி வருவதை ரசித்துப் பார்த்தார்.

"என்னம்மா, வாதமோ?"

"இல்லை, ஓடினனான்."

"ஆர் துரத்தினது?"

பந்தயம் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டார், நம்பியதாகத் தெரியவில்லை. "சுடுதண்ணியில ரெண்டு பிடி போட்டுக் காலை வையுங்கோ" என்று ஒரு பையைத் தந்தார். 150 ரூபா. அன்று இரவு கிளிநொச்சி விடுதியில் குளியலறை வாளியில் அதைத்தான் செய்தேன். முழங்கால் வாளிக்குள் போகாது என்பதை வாளிக்கு முன்னால் இருந்த பிறகுதான் யோசித்தேன். துவாயை நனைத்துச் சுற்றினேன், சுகமாக இருந்தது.

கிளிநொச்சியில் இரண்டு இரவு, ஓர் இரவுக்கு 4,500 ரூபா. புதன்கிழமை கண்டாவளைப் பக்கம் காரை விட்டேன். அறுவடை காலம். வீதியின் பாதியில் நெல் காய்கிறது, மற்றப் பாதியில் உலகம் போய்வருகிறது. எதிரே லொறி வந்தால் நெல்லில் ஏற்றாமல் நின்று வழிவிடுங்கள். யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மத்தியானம் கடைச் சோறு, மீன் குழம்பு, 450 ரூபா. பசி தீரவில்லை, இன்னொரு தடவை வாங்கினேன். பந்தயம் முடிந்த கிழமையில் என்னோடு சாப்பாட்டில் யாரும் போட்டிக்கு வர வேண்டாம்.

வியாழக்கிழமை பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதி. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. முள்ளிவாய்க்காலில் வானொலியை நிறுத்தினேன். அந்த இடத்தைப் பற்றி ஒரு பயணக் கட்டுரையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வட்டுவாகல் பாலம் ஒடுக்கம், எதிர்ப்பக்கம் பார்த்து ஏறுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீருக்குள் நின்றேன். இந்த முறை முழங்காலும் நனைந்தது.

அங்கிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் 25 கிலோமீற்றர். என்னோடு வேலை செய்த ஒருவரின் தங்கை யோகமலர், முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் ஓரம் கணவர் சிவபாலனோடு வயல் செய்கிறாள். நாற்பது வயதுக்காரி, வாய் ஓயாது. வருவதாக முந்தின நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கோழிக் குழம்பு தயாராக இருந்தது. வீட்டுக்கு முன்னால் நேரான கிரவல் மண் வீதி, மேடு பள்ளம் இல்லை, காலுக்கு மெத்தென்று இருந்தது. பார்த்ததும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. சோதனை ஓட்டம் இங்கேதான். வெயில் ஏற முதல் ஓடிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேனே தவிர, வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பிழை.

வெள்ளி காலை 5.50. மெல்லிய வெளிச்சம். சத்தம் போடாமல் கதவைத் திறந்து வெளியே வந்து ஓடத் தொடங்கினேன். முதல் கிலோமீற்றர் எட்டரை நிமிடம். வலி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. இரண்டரையில் திரும்பி வர வேண்டும் என்பது கணக்கு. வெட்டின வயல்களில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன, அவற்றுக்குப் பக்கத்தில் காவல் கொட்டில்கள். ஒரு கொட்டிலில் இருந்து ஒருவர் எழும்பி வந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பந்தய வழக்கம் ஒன்று எங்களுக்கு இருக்கிறது, ஓரத்தில் நிற்பவர் சத்தம் போட்டால் ஓடுபவர் கையை உயர்த்தி ஆட்டுவார். நன்றி சொல்லும் முறை அது. நானும் நிற்காமல் கையைத் தூக்கிப் பின்பக்கமாக ஆட்டிவிட்டுப் போனேன்.

அவர் விசில் அடித்தார். அடுத்த கொட்டிலில் இருந்து கூச்சல். அதற்கடுத்ததில் தகரத்தில் அடிக்கும் சத்தம். எனக்கு ஒரே பெருமை, வன்னி மக்கள் ஓட்டத்தை இவ்வளவு ஆதரிக்கிறார்களே என்று! அப்போது எனக்குப் பின்னால் நூறு மீற்றரில் ஒரு வெடி வெடித்தது.

யானை வெடி. முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது சிவபாலன் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அறுவடை நேரத்தில் நெல்லுக்கு யானை வரும், வந்தால் இந்த வெடியைத்தான் போடுவார்கள். அப்படியென்றால் யானை எனக்குப் பின்னால்! திரும்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை. ஓடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பத்தொன்பது வயதில்கூட அப்படி ஓடியதில்லை. கைக்கடிகாரம் பிறகு காட்டியது, எழுநூறு மீற்றர், கிலோமீற்றருக்கு ஐந்து நிமிட வேகம். எதிரே ஒரு உழவு இயந்திரம் வந்தது. "ஏறுங்கோ! ஏறுங்கோ!" என்று பின்னால் இழுத்து வந்த பெட்டியில் இருந்த இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார்கள். அது திரும்பி விழுந்தடித்துக்கொண்டு வாய்க்கால் மதகடிக்குப் போனது.

மதகடியில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சிவபாலனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முதல் கொட்டில்காரர் மூச்சிரைக்கக் கேட்டார்.

"எத்தினை, அன்ரி? கொம்பனோ?"

"நான் காணேல்லை. நீங்கள்தானே வெடி போட்டனீங்கள்?"

"நீங்கள்தானே ஓடி வந்தனீங்கள்? பின்னால கையும் காட்டினீங்கள்."

"அது நன்றி சொன்னது."

கொட்டில்காரர் வந்த வீதியைத் திரும்பிப் பார்த்தார். சிவபாலன்தான் மெதுவாகக் கேட்டார். "அப்ப ஏன் அன்ரி ஓடினீங்கள்?"

"முழங்காலைப் பாக்க."

பெட்டியில் இருந்தவர்களில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. நானும் மதகில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரு வெடியை வீணாக்கிவிட்டேனே என்று கொட்டில்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அன்ரி, கேக்க வேண்டிய ஆனைக்குக் கேட்டிருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் யோகமலர் என்னை ஏசித் தீர்த்தாள். அந்த வாய்க்கால் கரையில் போன கிழமைதான் உண்மையாகவே யானை வந்ததாம். "எங்கட பக்கம் ஒராள் ஓடினா நாங்கள் ஏன் எண்டு நிண்டு கேக்கிறேல்லை, அன்ரி. சேர்ந்து ஓடிப்போட்டுத்தான் கேப்பம்." தேத்தண்ணியைக் குடித்தேன். அவர்கள் எதற்கெல்லாம் அப்படி ஓடியிருப்பார்கள் என்று யோசிக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிற என் ஓட்டத்தை நினைக்க வெட்கமாக இருந்தது.

தர்ஷினிக்கு அழைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உயிர்ப் பயத்தில ஓடேக்க வலி தெரியாது, அன்ரி. இப்ப நோகேல்லை எண்டுறதுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. நாளைக்கு விடிய அளந்திட்டு எனக்குப் போன் எடுங்கோ." அன்று முழுவதும் யோகமலர் சாக்கு தைத்துக்கொண்டிருக்க, நான் காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தேன். நிமிடத்துக்கு ஒரு தடவை முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இரவு நித்திரை சரியாக வரவில்லை.

போக இருப்பவர்களுக்கான விபரங்களை இங்கேயே தந்துவிடுகிறேன், கடைசியில் எனக்கு வேறொன்று சொல்ல இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தச் சுற்றில் ஒட்டுசுட்டான் வரை, கண்டாவளை அலைச்சலோடு சேர்த்து கார் 231 கிலோமீற்றர் ஓடியிருந்தது. அங்கிருந்து மாங்குளம் வழியாக வவுனியாவுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். பரந்தனில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். பெரிய தண்ணீர்ப் போத்தல் இரண்டு காரில் இருக்கட்டும், மாசியிலேயே பத்து மணிக்குப் பிறகு வெயில் சுடுகிறது. பந்தயம் முடிந்தவர்கள் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை காரை நிறுத்தி இறங்கி நடவுங்கள். ஓட ஆசைப்பட்டால் முதல் நாளே அயலுக்குச் சொல்லுங்கள், நன்றாக விடிந்த பிறகு ஓடுங்கள், வயல் காவலில் இருப்பவர்களுக்குத் தயவுசெய்து பின்பக்கமாகக் கை காட்டாதீர்கள்.

சனிக்கிழமை காலை. குசினியில் வெளிச்சம் எரிந்தது, யோகமலர் அடுப்படியில் நின்றாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தையல் நாடாவை முழங்காலைச் சுற்றிப் பிடித்தேன். எண்ணைப் பார்த்தேன், நம்பவில்லை. என் மூக்குக்கண்ணாடி அறையில் இருந்தது. எடுக்கப் போவதற்குப் பொறுமை இல்லை.

"பிள்ளை, இதை ஒருக்கா நீர் அளந்து பாரும்."

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து முழந்தாளிட்டு, நாடாவை இறுக்கிப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"முப்பத்தெட்டு, அன்ரி."

"வடிவாப் பாரும்."

"முப்பத்தெட்டேதான்."

நிமிர்ந்தவள் என் முகத்தைக் கண்டு பதறிப்போனாள். "ஐயோ, ஏன் அழுறீங்கள்? நோகுதோ?"

"இல்லைப் பிள்ளை. நோகேல்லை. அதுதான்."