சீப்பும் செம்பூர் பங்களாவும்

மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவும் நானும் மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குப் பெண் பார்க்கப் போனோம். மாமரத்தை ஒட்டிய வீடு என்று தரகர் சொல்லியிருந்தார். மாமரம் இருந்தது, அதை ஒட்டிப் பழைய பங்களா ஒன்றும் இருந்தது. வாசலில் கண்ணாடி போட்ட போர்டு. அதில் முகம் பார்த்து, நிதானமாகத் தலை வாரிக்கொண்டு உள்ளே போனேன்.

பட்டுப்புடவையில் ஓர் அம்மாள் வரவேற்றுக் காபி கொடுத்தாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா கட்டின வீடு. இப்பத்தான் புதுப்பிச்சோம்" என்றாள்.

தேக்குத் தூண்களைப் பார்த்த அம்மா, "பொண்ணு எப்படி இருந்தாலும் சரின்னுடுடா" என்று என் காதில் சொன்னாள். நான் காபியிலேயே சரி என்று முடிவு செய்திருந்தேன்.

"பொண்ணை வரச் சொல்லுங்கோ. ராகுகாலம் வந்துடும்" என்றாள் அம்மா.

"எந்தப் பொண்ணு, மாமி? வீட்டை இப்போ தங்கும் விடுதியா ஆக்கிட்டோம். எத்தனை நாள் தங்கப்போறேள்?" என்று அந்த அம்மாள் ரிஜிஸ்டரை நீட்டினாள்.

மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன வீட்டுக்கு ஓடினோம். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிஷம்தான் பாக்கி. வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அந்த வீட்டுப் பெண் கேட்டாள்: "ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். அத்தனை நேரம் போர்டு முன்னாடி நின்னேளே, படிக்கத் தெரியாதா?"

தெரியும் என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் சம்மதித்தாள்.

இப்போதெல்லாம் எந்த வாசலிலும் போர்டைப் படித்துவிட்டுத்தான் சீப்பை எடுக்கிறேன். வாய்விட்டே படிக்கிறேன், பக்கத்தில் அவள் நிற்கிறாளே!